டெக்சாஸில் பிறக்காத டெக்சாஸ் கடை

மக்களே, முதல்ல ஒரு சின்ன க்விஸ். கூகிளாண்டவரைக் கும்பிடாம பதில் சொல்லணும், சரியா?

டெக்சாஸ் ரோட்ஹவுஸ்னு ஒரு ஸ்டேக் கடை இருக்கே, அதோட முதல் கிளை எந்த மாநிலத்துல திறந்தாங்க? டெக்சாஸோட செல்லப்பேரையே தன் பேரா வச்சுக்கிட்ட லோன் ஸ்டார் எங்க ஆரம்பிச்சது? டெக்சாஸ் மாட்டோட கொம்பைப் பேர்ல மாட்டிக்கிட்ட லாங்ஹார்ன் எங்க? கங்காரு, பூமராங்னு சுவர் பூரா மாட்டி வச்சிருக்கிற அவுட்பேக் எங்க?

விடைகள் வரிசையா: இண்டியானா (1993), வட கரோலினா (1989), ஜார்ஜியா (1981), ஃப்ளோரிடா (1988). நாலுல ஒண்ணுகூட டெக்சாஸ்ல பிறக்கலை. ஆஸ்திரேலியாவுலயும் பிறக்கலை :-)

இந்த மேட்டர் எனக்கு ஏன் திடீர்னு வந்துச்சுன்னா, எங்க ஊர்ல நெடுஞ்சாலையை ஒட்டி இப்படி ஒரு செயின் ஸ்டேக் கடை புதுசா திறந்திருக்காங்க. பேர் வேண்டாம், எல்லாம் ஒரே அச்சுதான். ஆபீஸ்ல டேமேஜர் புண்ணியத்துல டீம் டின்னர். வாசல்ல முக்கால் மணி நேரம் காத்திருந்தப்போ வேற வேலை இல்லாம சுவரைப் பார்த்துக்கிட்டே நின்னேன். குதிரை லாடம், சேணம், கயிறு, பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல தொப்பி போட்ட கௌபாய்கள். உள்ளே போனா தட்டைவிடப் பெரிசா ஸ்டேக், கூட ஒரு அவிச்ச உருளைக்கிழங்கு, வெண்ணெய் தடவின ரொட்டி. விலை, அமெரிக்கக் கணக்குக்கு ரொம்ப நியாயம். நம்மாளுங்க பாதிப் பேர் 'வெல் டன்'னு சொல்லி சமையல்காரர் மனசை உடைச்சாங்க. மீதி பேர் உருளைக்கிழங்கோட நிறுத்திக்கிட்டாங்க. மாட்டுக்கறி சாப்பிடலாமா கூடாதாங்கிற பஞ்சாயத்துக்கு இந்தப் பதிவுல இடமில்லை, அதுக்கு வேற கடை பாருங்க.

என் கேள்வி வேற. ஒரு நூற்றாண்டுக்கு முன்னாடி பணக்காரன் வீட்டு விருந்துச் சாப்பாடா இருந்த ஒரு துண்டுக் கறி, எப்படி நெடுஞ்சாலை ஓரத்துல சாதாரண ஜனங்களுக்குக் கட்டுப்படியாகிற விலைக்கு வந்தது? அந்த விலையில குறைஞ்ச மீதிக் காசை யார் கொடுத்தாங்க? சுவர்ல இருக்கிற கௌபாய் கொடுத்தானா? வாங்க, கொசுவத்தியைக் கொஞ்சம் பெரிசாவே சுத்துவோம்.

கௌபாயோட இருபது வருஷம்

1865ல உள்நாட்டுப் போர் முடிஞ்சப்போ டெக்சாஸ்ல மேய்ப்பார் இல்லாம லட்சக்கணக்குல லாங்ஹார்ன் மாடுங்க திரிஞ்சுக்கிட்டு இருந்தது. அங்க ஒரு மாடு நாலு டாலர். அதே மாடு வடக்கே போனா நாற்பது டாலர் வரைக்கும் போகும்னு பேச்சு. நடுவுல ரயில் இல்லை. 1867ல ஜோசப் மெக்காய்ங்கிற வியாபாரி கேன்சஸ் மாநிலத்துல அபிலீன்னு ஒரு குக்கிராமத்துல ரயில் பாதையை ஒட்டி மாட்டுத்தொழுவம் கட்டினார். 'இதுவரைக்கும் ஓட்டிட்டு வாங்க, மிச்சத்தை ரயில் பார்த்துக்கும்'ங்கிற ஏற்பாடு. அதுக்கப்புறம்தான் அந்தப் பிரபலமான மாடு ஓட்டும் பயணங்கள் பெருகுச்சு.

இந்தக் காலம் எவ்வளவு நாள் இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? சுமார் இருபது வருஷம். அவ்வளவுதான். 1874ல ஜோசப் க்ளிடன் முள்கம்பிக்கு உரிமை வாங்கினார், திறந்த மேய்ச்சல் நிலம் பூரா வேலி விழுந்தது. ரயில் பாதை டெக்சாஸுக்குள்ளேயே வந்துருச்சு. 1886-87 குளிர்காலத்துல பனியில சிக்கி வடக்குச் சமவெளியில மாடுங்க கூட்டம் கூட்டமா செத்துச்சு. கதை முடிஞ்சது. இருபது வருஷத் தொழிலை வச்சு நூறு வருஷத்துக்கு மேல சினிமா எடுத்திருக்காங்க.

சினிமாவுல காட்டாத இன்னொண்ணு. கௌபாய்கள்ல நாலுல ஒருத்தர் கறுப்பினத்தவர்னு வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்றாங்க. அடிமைத்தளையிலிருந்து அப்பத்தான் விடுபட்டவங்க நிறைய பேர். தொழிலைச் சொல்லிக் கொடுத்ததே மெக்சிகோவோட வகேரோக்கள். ராஞ்ச், ரோடியோ, லாசோ எல்லாமே ஸ்பானிஷ் வழி வந்த சொல்லுதான். சுவர்ல மாட்டின படத்துல இவங்களைத் தேடித்தான் பார்க்கணும்.

சரி, அந்தப் புல்வெளி மாடு வர்றதுக்கு முன்னாடி காலியாவா கிடந்தது? கோடிக்கணக்குல காட்டெருமைங்க இருந்தது. அதை நம்பி லக்கோட்டா, கோமான்ச்சி, ஷையன் மாதிரி எத்தனையோ பழங்குடி மக்கள் வாழ்ந்தாங்க. தோலுக்காக வேட்டைக்காரங்க சுட்டுத் தள்ளினதுல, 1889ல வில்லியம் ஹார்னடே எண்ணிப் பார்த்தப்போ வட அமெரிக்கா முழுக்க ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். சாப்பாடு போனதும் மக்களை ஒதுக்கிடங்களுக்குத் துரத்தினாங்க. அங்க அவங்களுக்குப் பட்டினி வராம இருக்க அரசாங்கம் என்ன கொடுத்துச்சு தெரியுமா? ரேஷன்ல மாட்டுக்கறி! யார்கிட்ட வாங்கி? அதே நிலத்துல இப்ப மாடு மேய்க்கிற முதலாளிங்ககிட்ட. காட்டெருமையை அழிச்சு, அந்தப் புல்லுல மாட்டை மேய்ச்சு, அந்த மாட்டை எருமையை இழந்தவனுக்கே போட அரசாங்கத்துக்கு விக்கிறது. ஆரம்பகால மாட்டுப் பண்ணைகளுக்கு இது உறுதியான வாடிக்கை. ஸ்டேக் மலிவானதோட முதல் தவணையைக் கட்டினவங்க இவங்கதான்.

ஐஸ் பெட்டியும் ஓடுற கொக்கியும்

1865 கிறிஸ்துமஸ் அன்னைக்கு சிகாகோவுல யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் திறந்தாங்க. நாடு முழுக்க வர்ற மாடு, பன்றி எல்லாம் ஒரே இடத்துல. ஆனா அங்கிருந்து நியூயார்க்குக்கு மாட்டை உயிரோடதான் அனுப்பணும். தீவனம், தண்ணி, வழியில சாவு, எல்லாம் செலவு. அதோட மாட்டோட எடையில நாற்பது சதவீதம் வரைக்கும் தோல், தலை, குடல்னு கழிவு. அதுக்கும் சேர்த்து ரயில் வாடகை.

குஸ்டாவஸ் ஸ்விஃப்ட்ங்கிற கசாப்புக்காரருக்கு இந்தக் கணக்கு தூக்கத்தைக் கெடுத்துச்சு. 1870களோட கடைசியில ஆண்ட்ரூ சேஸ்ங்கிற பொறியாளரை வச்சு ஐஸ் நிரப்பின ரயில்பெட்டி செய்ய வச்சார். சிகாகோவுலயே வெட்டி, கறியை மட்டும் அனுப்பினார். கிழக்குக் கரையில இருந்த உள்ளூர்க் கசாப்புக்காரங்க 'ஆயிரம் மைல் தள்ளி வெட்டின கறியை யார் திம்பாங்க'ன்னு எதிர்த்துப் போராடினாங்க. விலை குறைவுன்னதும் ஜனம் தின்னுச்சு. ஒவ்வொரு ஊர்க் கசாப்புக்காரனும் கொஞ்சம் கொஞ்சமா வெறும் சில்லறைக் கடைக்காரனா ஆனான்.

சிகாகோ வெட்டுக்கூடத்துல மாடு ஒரு கொக்கியில தொங்கிக்கிட்டே நகரும். ஆளுங்க நின்ன இடத்துல நிப்பாங்க. ஒருத்தனுக்கு ஒரு வெட்டு, நாள் பூரா அதே வெட்டு. இதைப் பார்த்துத்தான் கார் செய்யற ஓடுதளம் யோசனையே வந்துச்சுன்னு ஹென்றி ஃபோர்ட் தன்னோட புத்தகத்துல எழுதியிருக்கார். நாமெல்லாம் கார்ல ஆரம்பிச்சதுன்னு நினைக்கிற விஷயம், மாட்டைப் பிரிக்கிறதுல ஆரம்பிச்சது.

அங்க வேலை பார்த்தவங்க லிதுவேனியா, போலந்துல இருந்து வந்த ஏழை ஜனங்க. அவங்க படற பாட்டைச் சொல்லத்தான் அப்டன் சின்க்ளேர் 'தி ஜங்கிள்' நாவலை எழுதினார். 1906ல புத்தகமா வந்துச்சு. படிச்சவங்க தொழிலாளிக்காக அழலை, 'ஐயையோ நம்ம கறியில என்னென்ன கலக்கறாங்க'ன்னு பதறினாங்க. அதே வருஷம் ஜூன் 30ஆம் தேதி கறிப் பரிசோதனைச் சட்டம் வந்துச்சு. தின்கிறவனுக்குப் பாதுகாப்பு வந்துருச்சு, வெட்டுறவனுக்கு வரலை. அதுக்கு இன்னும் முப்பது வருஷம் ஆச்சு. 1930களுக்கு அப்புறம் தொழிற்சங்கம் வலுவானதும்தான், கறித் தொழிற்சாலை வேலைங்கிறது வீடு வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற வேலையா மாறுச்சு. இந்த இடத்தை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வரணும்.

பப்பாளிக்காயும் டிவி சீரியலும்

இந்தக் காலத்துல எல்லாம் ஸ்டேக் கடைன்னா நகரத்து ஆம்பளைங்க சுருட்டு பிடிச்சுக்கிட்டு உட்கார்ற இடம். நியூயார்க்ல 1885ல ஆரம்பிச்ச கீன்ஸ், 1887ல ஆரம்பிச்ச பீட்டர் லூகர் இன்னைக்கும் இருக்கு. குடும்பத்தோட போற இடமா அது மாறினது இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம்தான்.

போர் முடிஞ்சதும் உரம், நிலத்தடி நீர்ப் பாசனம் எல்லாம் சேர்ந்து சோளம் மலையாக் குவிஞ்சுச்சு. அதை என்ன பண்றது? மாட்டுக்குப் போடு! புல்லு தின்னு மெதுவா வளர்ற மாட்டைவிட, பட்டியில அடைச்சுச் சோளம் போட்ட மாடு சீக்கிரம் எடை போடும். கறிக்குள்ள வெள்ளை வெள்ளையா கொழுப்புக் கோடு விழும். அமெரிக்க விவசாயத்துறை தரம் பிரிக்கிறதே அந்தக் கொழுப்புக் கோட்டை முக்கியமா வச்சுத்தான். பிரைம், சாய்ஸ், செலக்ட்னு மெனுவுல போடறாங்களே, அது இதுதான்.

மலிவு துண்டு வேகலைன்னா? நம்ம வீட்டுல கிடாக்கறி வேக மாட்டேங்குதுன்னா ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடச் சொல்வாங்க இல்லை? அதே பப்பாளிப் பாலை எடுத்துக் காயவச்சுப் பொடியாக்கி, 1940கள்லயே அமெரிக்காவுல டப்பாவுல அடைச்சு வித்தாங்க. ஆத்தா வைத்தியம், அமெரிக்கன் பேக்கிங்!

1958ல கலிஃபோர்னியாவுல டெல், ஹெலன் ஜான்சன் தம்பதி சிஸ்லர் கடையை ஆரம்பிச்சாங்க. 1963ல பொனான்சா. இதை ஆரம்பிச்சவர் டான் ப்ளாக்கர், அதே பேர் கொண்ட டிவி தொடர்ல நடிச்ச நடிகர். 1965ல இண்டியானாவுல பொண்டரோசா. இந்தப் பேர் அதே தொடர்ல வர்ற பண்ணையோட பேர்! ஒரே சீரியலை வச்சு ரெண்டு போட்டிக் கம்பெனி. கடைசியில ரெண்டும் ஒரே முதலாளி கைக்குப் போனது தனிக் கூத்து. ஆக, செயின் கடை சுவர்ல இருக்கிற கௌபாய் டெக்சாஸ்ல இருந்து வரலை, டிவியில இருந்து வந்தவர்.

எல்லாக் கதையும் இப்படி இல்லை. 1965ல நியூ ஆர்லியன்ஸ்ல ரூத் ஃபெர்டெல்னு ஒரு பெண், விவாகரத்தானவர், ரெண்டு பையன்கள், ஆய்வகத்துல வேலை. பேப்பர்ல விளம்பரம் பார்த்து, வீட்டை அடமானம் வச்சு 22,000 டாலருக்குக் கடன் வாங்கி 'கிறிஸ் ஸ்டேக் ஹவுஸ்'ங்கிற கடையை வாங்கினார். நாலு மாசத்துல பெட்ஸி புயல், கரண்ட் இல்லை. கெட்டுப்போறதுக்குள்ள இருக்கிற கறியை எல்லாம் சமைச்சு, புயல்ல அடிபட்டவங்களுக்குக் கொடுத்தார். பரிமாறும் வேலைக்குத் தன்னை மாதிரியே தனியா பிள்ளை வளர்க்கிற பெண்களைத் தேடி எடுத்தார். 1976ல கடை தீப்பிடிச்சு வேற இடத்துக்கு மாத்தினப்போ, பழைய ஒப்பந்தப்படி அந்தப் பேரை வேற இடத்துல வைக்கக் கூடாது. முன்னாடி தன் பேரைச் சேர்த்துக்கிட்டார். ரூத்ஸ் கிறிஸ்ங்கிற நாக்கு சுளுக்குற பேர் அப்படி வந்ததுதான். 2023ல அதையும் ஒரு பெரிய கம்பெனி வாங்கிருச்சு, லாங்ஹார்னுக்கும் அதே கம்பெனிதான் முதலாளி.

அட்டைப்பெட்டியில் வந்த மாடு

நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற இடம் இதுதான். ஸ்டேக் கடை பத்தி எழுதறவங்க பெரும்பாலும் தாண்டிப் போயிடறாங்க.

ஒரு மாட்டுல ஸ்டேக்குக்கு ஆகிற முதுகுப் பகுதி, தேறும் கறியில சுமாரா கால்வாசிதான். முன்னாடி ஒரு ஓட்டலோ கசாப்புக் கடையோ கறி வாங்கினா, பெரிய பெரிய கால் துண்டமாத்தான் வரும். பிரிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். மிச்சத்தை என்ன செய்யறதுன்னு தெரியணும். ஐம்பது கிளை வச்சா ஐம்பது கசாப்புக்காரன் வேணும்.

1960ல ஐயோவாவுல ஆரம்பிச்ச ஐபிபி கம்பெனி இதை மாத்திருச்சு. 1967ல இருந்து தொழிற்சாலையிலேயே மாட்டைச் சின்னச் சின்னத் துண்டங்களாப் பிரிச்சு, காத்து உறிஞ்சின பிளாஸ்டிக் பையில போட்டு, அட்டைப்பெட்டியில அடைச்சு அனுப்பினாங்க. ஃப்ளோரிடா கடைக்காரர் 'எனக்கு சர்லாயின் மட்டும் நாற்பது பெட்டி'ன்னு போன்ல சொல்லலாம். மிச்ச முக்கால் மாடு அரைச்ச கறியாவும் மத்ததாவும் பர்கர் கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போயிரும். பர்கரும் ஸ்டேக்கும் ரெட்டைப் பிள்ளைங்க மக்களே. ஒண்ணு விக்கலைன்னா இன்னொண்ணு விலை ஏறிடும்.

பெட்டி வந்தப்புறம் கசாப்புத் தொழில் தெரிஞ்ச ஆள் கடையிலயும் வேண்டாம், தொழிற்சாலையிலயும் வேண்டாம். சிகாகோவை விட்டுட்டு, சங்கம் இல்லாத சின்ன ஊர்கள்ல ஆலை கட்டினாங்க. 1971ல யூனியன் ஸ்டாக் யார்ட்ஸையே மூடிட்டாங்க. உற்பத்தித் துறை சராசரியைவிட நல்ல கூலி கொடுத்துக்கிட்டிருந்த வேலை, 1980கள்ல சராசரிக்குக் கீழே இறங்குச்சு. உள்ளூர்க்காரங்க விலக, மெக்சிகோ, குவாத்தமாலா, சோமாலியா, பர்மால இருந்து வந்தவங்க அந்தக் கத்தியைப் பிடிச்சாங்க. மனசுல வைக்கச் சொன்னேனே, அந்த முப்பது வருஷப் போராட்டம் இப்படிக் கரைஞ்சது.

அதே சமயத்துல வேடிக்கை பாருங்க. அமெரிக்கர்கள் மாட்டுக்கறி சாப்பிடறது 1976ல உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்க ஆரம்பிச்சது. கொலஸ்ட்ரால் பயம். எல்லாரும் ஸ்டேக் காலம் முடிஞ்சதுன்னு நினைச்சப்போ, அவுட்பேக் ஆட்கள் வேற கணக்குப் போட்டாங்க: 'வீட்டுல குறைச்சவன் வெளியில போனா ஆசையாக் கேப்பான்'. கரெக்ட்டா வொர்க் அவுட் ஆச்சு. 'க்ரோக்கடைல் டண்டீ' படம் 1986ல ஓடு ஓடுன்னு ஓடினதால ஆஸ்திரேலிய வேஷம். கடை திறக்கிறதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியா பக்கமே அவங்க போகலை. டெக்சாஸ் ரோட்ஹவுஸும் சும்மா இல்லை. முதல் அஞ்சு கடையில மூணு தோல்வி. அதுல இருந்து எழுந்து, 2024ல விற்பனையில ஆலிவ் கார்டனையே முந்தி, அமெரிக்காவுல உட்கார்ந்து சாப்பிடற செயின்கள்ல முதலிடம் பிடிச்சாங்க.

2.13

கறி மலிவானது ஒரு பக்கம். அதைக் கொண்டு வந்து வைக்கிற கையும் மலிவா இருக்கணுமே?

டிப்ஸ் வாங்கற பணியாளருக்கு மத்திய அரசு நிர்ணயிச்ச குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991ல வச்சது. இன்னைக்கும் அதேதான். டிப்ஸ் சேர்த்தும் சாதாரண குறைஞ்சபட்சக் கூலி தேறலைன்னா முதலாளி ஈடுகட்டணும்னு சட்டம். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் முழுக் கூலி கொடுக்கச் சொல்லுது. தெற்குல பல மாநிலங்கள்ல 2.13தான். அப்போ அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் கொடுக்கிறது கடைக்காரர் இல்லை, நீங்களும் நானும்தான். மெனுவுல பார்க்கிற விலை முழு விலை இல்லை.

பின்பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு 2020ல உலகத்துக்கே தெரிஞ்சது. தோளோட தோள் இடிச்சு நின்னு வெட்டுற கூடங்கள்ல கொரோனா புகுந்தது. ஏப்ரல் 28ஆம் தேதி ஆலைகளை மூட விடாம இருக்க அதிபர் உத்தரவு போட்டார். அஞ்சு பெரிய கம்பெனிகள்ல மட்டும் குறைஞ்சது 59,000 பேருக்குத் தொற்று, 269 பேர் சாவுன்னு அடுத்த வருஷம் நாடாளுமன்றக் குழு அறிக்கை சொல்லுச்சு. அப்போ நாம எல்லாம் வீட்டுக்குள்ள பொட்டி முன்னாடி உட்கார்ந்து ஆணி புடுங்கிக்கிட்டு, பார்சல் ஆர்டர் பண்ணிட்டிருந்தோம்.

1906ல நடந்ததேதான் திரும்ப நடந்துச்சு. கடையில கறி கிடைக்குமாங்கிற கவலை பெரிசா இருந்துச்சு. வெட்டுறவன் பிழைப்பானாங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

இப்போ அந்த மலிவும் ஆட்டம் காணுது. வறட்சி, தீவனச் செலவுன்னு பண்ணைக்காரங்க மாட்டைக் குறைச்சதுல, 2025 ஜனவரி கணக்குப்படி அமெரிக்காவுல 8 கோடியே 67 லட்சம் மாடுங்கதான். 1951க்கு அப்புறம் இவ்வளவு குறைஞ்சதே இல்லை. பட்டி மாடுங்கள்ல நூத்துக்கு எண்பதுக்கு மேல நாலே கம்பெனி வாங்குது. விலை ஏறுதுன்னு எல்லாரும் புலம்பறாங்க. என்னைக் கேட்டா, இத்தனை நாள் அது ஏன் குறைவா இருந்துச்சுன்னுதான் முதல்ல கேக்கணும்.

சாப்பிடாதீங்கன்னு சொல்ற யோக்கியன் நான் இல்லை. கறி நல்லா இருந்துச்சு, ரொட்டி அதைவிட நல்லா இருந்துச்சு. தங்கமணி 'ஒரு தட்டு சோத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா'ன்னு கேக்கறாங்க. ரெண்டே வேண்டுகோள். கம்பெனி கார்டுல கணக்கு முடிக்கும்போது நம்ம கோஷ்டில சிலர் டிப்ஸ் கட்டத்துல கோடு போட்டுட்டு எழுந்திரிப்பாங்க, அவங்களை உட்கார வச்சு 2.13 கதையைச் சொல்லுங்க. அப்புறம் நெப்ராஸ்கா, கேன்சஸ் பக்கம் இருக்கிற பதிவர்கள் யாராவது அந்த ஆலை ஊர்களைப் பத்தி எழுதுங்கப்பா. அங்க இருந்து கறிப் பெட்டி மட்டும்தான் எங்க ஊருக்கு வருது, சேதி வர்றதில்லை.